பச்சை ரிப்பன் பற்றாக்குறை

எங்கள் கல்லூரியின் நல்லிணக்கக் குழுவுக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டதற்கு ஒரே காரணம் என் பெயர். அதைக் கேட்டு நான் இந்துவா கிறித்தவரா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. முஸ்லிம் என்று நினைத்து என்னிடம் ரம்ஜான் வாழ்த்துச் சொன்னவர்களும் உண்டு. பெயர் வைத்த என் அப்பாவுக்கு உயர்ந்த நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ரேடியோவில் கேட்டாராம், பிடித்துப்போய் வைத்துவிட்டாராம். எங்கள் பிரின்சிபால்தான் அதில் ஒரு தகுதியைக் கண்டுபிடித்தார். "உங்களப் போட்டா எந்தப் பக்கமும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க மேடம்" என்றார். வருடக்கணக்காக வணிகவியல் நடத்துகிறேன், பெண்கள் விடுதிக்குத் துணை வார்டனாகவும் மாரடிக்கிறேன். அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை.

பிரின்சிபால் சேலத்திலிருந்து தினமும் காரில் மலையேறி வருகிறவர். நல்ல மனிதர். பிறருக்குக் கெடுதல் நினைக்கத் தெரியாது. பிறரைப் பற்றி நினைக்கவும் அவ்வளவாகத் தெரியாது. அவருக்குச் சர்க்கரை வியாதி. இது ஏற்காட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. புதிதாக வந்த அட்டெண்டர் ஒருநாள் சர்க்கரை போட்ட காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மாலைவரை வாங்கிக் கட்டிக்கொண்டார். "ஒரு மனுசனுக்கு எது ஆகாதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கறது அவ்வளவு பெரிய காரியமாங்க மேடம்?" என்று பிரின்சிபால் என்னிடம் வந்து புலம்பினார். அன்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

சென்ற வருடம் எங்கள் கல்லூரிக்குத் தரம் போடுவதற்காக வெளியிலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் பார்க்கும் விஷயங்களில் மத நல்லிணக்கமும் ஒன்று. எங்களிடம் நல்லிணக்கம் இல்லாமல் இல்லை. வாழவந்தி பஸ்ஸில் ஒரே சீட்டில் நான்கு பேர் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து வருகிற பிள்ளைகள், எவன் மடியில் எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை. ஒரு நல்ல மாணவனின் ரெக்கார்டு நோட்டு சர்ச், மசூதி, மாரியம்மன் கோயில் என்று எல்லாத் தெருவுக்கும் போய்க் காப்பியடிக்கப்பட்டுத்தான் திரும்பும். ஆனால் இதற்கெல்லாம் போட்டோ கிடையாது. போட்டோ இல்லாத நல்லிணக்கம் கணக்கில் வராது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

என் விடுதியிலும் போட்டோ இல்லாத ஒன்று இருந்தது. ஒரே அறையில் மூன்று பெண்கள். மூவரும் இறுதியாண்டு, என் வகுப்பு. பெயர் எதற்கு, ஊரே போதும். நாகலூர்ப் பெண்ணின் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஞாயிறு தவறினாலும் தவறும், அவர்கள் சர்ச்சுக்குப் போவது தவறாது. வாழவந்திப் பெண்ணின் பெற்றோர் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். அவள் மணிக்கட்டில் எந்நேரமும் மாரியம்மன் கோயில் கயிறு இருக்கும். மாரமங்கலத்துப் பெண்ணின் அப்பா மிளகு வாங்கி விற்கும் சிறு வியாபாரி. அவர்கள் முஸ்லிம் குடும்பம்.

முதலாமாண்டில் ரம்ஜான் நோன்பு தொடங்கியபோது மாரமங்கலத்துப் பெண் என்னிடம் வந்து கேட்டது கொஞ்சம் வெந்நீர் மட்டும். நோன்பு வைக்கிறவர்கள் விடிவதற்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். எங்கள் சமையல்கார அம்மாவோ சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போனால் விடிந்த பிறகுதான் வருவார். வெந்நீரில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொள்வாளாம். கூட வந்த மற்ற இருவரும் வெந்நீர் கேட்கவில்லை, சமையலறைச் சாவியைக் கேட்டார்கள். மாணவிகள் சமையலறைக்குள் போகக் கூடாது என்பது விதி. நான் யோசித்துப் பார்த்துச் சாவியை என் அறை வாசலில் ஓர் ஆணியில் மாட்டினேன். அது அங்கே மாட்டியிருப்பது எனக்குத் தெரியாது என்று மூவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

நோன்பு வைத்தவள் ஒருத்தி. சமைத்தவர்கள் இருவர். சாப்பிட்டவர்களோ மூவர். "அவ மட்டும் தனியா உக்காந்து சாப்புட்டா தொண்டையில எறங்குமாங்க மேடம்?" என்பது வாழவந்திப் பெண்ணின் நியாயம். விடியற்காலைக் குளிரில், போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து போவதே தண்டனையாக இருக்கிற மலையில், இந்த மூன்றும் அடுப்படியில் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுப் போய் மறுபடி படுத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் நாகலூர்ப் பெண் பாட்டுப் பழகப் போய்விட்டால் மற்ற இருவரும் அவளுக்குச் சோறு எடுத்து மூடிவைப்பார்கள். இதற்கெல்லாம் நல்லிணக்கம் என்று பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தோன்றியதில்லை. காஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

நல்லிணக்கக் குழுவின் முதல் கூட்டத்தில் மாபெரும் சமபந்தி விருந்து என்று முடிவாயிற்று. எல்லா மதப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்து சாப்பிட, வருகிற குழு அதைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பிள்ளைகளும் பார்க்க ஒரே மாதிரி அல்லவா இருக்கிறார்கள். இது பிரின்சிபாலை ஆழமாகப் பாதித்தது. கடைசியில் உடற்கல்வி ஆசிரியரே வழியும் சொன்னார். இந்துப் பிள்ளைகளுக்குக் காவி ரிப்பன், கிறித்தவர்களுக்கு வெள்ளை, முஸ்லிம்களுக்குப் பச்சை. சட்டையில் குத்திக்கொண்டு கலந்து உட்கார்ந்தால் தூரத்திலிருந்து பார்த்தாலே நல்லிணக்கம் தெரியும். மேசைகூடத் தட்டினார்கள்.

நான் தேதியைப் பற்றிச் சொன்னேன். அந்த வருடம் ரம்ஜான் நோன்பும், கிறித்தவர்கள் கறி தவிர்க்கும் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. போதாததற்குப் பங்குனி மாதம். மலையில் பாதி ஊர்களில் மாரியம்மன் நோம்பி சாட்டியிருந்தார்கள். அப்படித் திருவிழாவை அறிவித்துவிட்டால் அது முடியும்வரை வீட்டில் கறி மீன் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் குறித்திருந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். முஸ்லிம் பையன்கள் அந்த நேரம் தொழுகையில் இருப்பார்கள். மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, காய்கறிச் சாப்பாடாக வைத்துவிட்டால் எல்லோருமே சாப்பிடலாம் என்றேன்.

தரம் போட வருகிறவர்கள் இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும், அதனால் மத்தியானம்தான் என்றார் பிரின்சிபால். சரி, சாப்பாட்டையாவது மாற்றலாமே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பிரியாணி இல்லாம எப்படிங்க மேடம் நல்லிணக்கம்?"

பிறகு ஞாபகம் வந்தவராக உடற்கல்வி ஆசிரியரிடம் திரும்பி, தனக்கு மட்டும் தயிர்சாதம் சொல்லிவிடச் சொன்னார். அவர் வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டார்.

ரிப்பன் வேலை தொடங்கியதும் வகுப்பு வகுப்பாகப் போய் மதம் கேட்டார்கள். அதுவரை பக்கத்தில் இருப்பவன் என்ன மதம் என்று எண்ணிப் பார்க்காத பிள்ளைகள் அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தார்கள். காவி ஏராளம், வெள்ளை தாராளம், பச்சைக்குத்தான் பஞ்சம். மொத்தக் கல்லூரியிலும் முஸ்லிம் பிள்ளைகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பச்சை இருந்தே ஆக வேண்டும் என்று மேலிடம் பிடிவாதமாக இருந்தது. உடற்கல்வி ஆசிரியர் தன் கபடிப் பையன்கள் சிலரைக் கூப்பிட்டு, ஒருநாளைக்குத்தானே சாமி, பச்சை குத்திக்கோங்க என்று கேட்டுக்கொண்டார். பிரியாணி உண்டு என்பதால் அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. விருந்துக்கு அண்டா இருக்கிறதா என்று பார்க்கப் பிரின்சிபால் ஒருநாள் காலையில் எங்கள் சமையலறைக்கு வந்தார். அங்கே மூன்று தட்டுகள் கழுவிக் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தன. விடிந்து அப்போதுதான் அடுப்புப் பற்றவைத்திருந்த சமையல்கார அம்மாவைக் கேட்டார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். புள்ளைங்க நோன்புக்குச் சமைச்சிருப்பாங்க சார் என்று சொல்லிவிட்டார். பிரின்சிபாலுக்கு வியர்த்துவிட்டது. காஸ், நெருப்பு, மாணவிகள், அதுவும் குழு வருகிற நேரத்தில். மத்தியானத்துக்குள் சமையலறைக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி ஆபீஸ் அலமாரிக்குப் போனது. காலையில் சமையல்கார அம்மா வந்த பிறகு அட்டெண்டர் போய்த் திறந்துவிடுவார் என்று ஏற்பாடு. மத நல்லிணக்க விருந்தைச் சிறப்பாக நடத்தும் பொருட்டு, என்று சுற்றறிக்கை ஆரம்பித்தது.

சில நாள் கழித்து மாரமங்கலத்துப் பெண் என் அறைக்கு வந்தாள். மற்ற இருவரும் பின்னால் நின்றார்கள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"பன்னும் பாலும் வெச்சு சமாளிச்சுப் பாத்தனுங்க மேடம். முடியலீங்க. மத்தியானம் கம்ப்யூட்டர் லேப்ல உக்காந்தா கண்ண இருட்டிட்டு வருதுங்க. நோன்ப உட மாட்டனுங்க. அதான், ஊட்டுக்கே போயிர்லாம்னு."

வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் இரண்டு பீரியட் போய்விடும். கடைசி செமஸ்டர். ஏற்கெனவே மஞ்சள் காமாலையில் படுத்து அவளுக்கு வருகைப் பதிவு விளிம்பில் நின்றது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவள்தான். படிப்பு முடிந்ததும் சேலத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராகப் பிரின்சிபாலிடம் போய், சாவியைக் கொடுங்கள், கூட நான் எழுந்து நிற்கிறேன், நெருப்புப் பிடித்தால் என்னைக் கேளுங்கள் என்றேன். குழு வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அதற்குள் அந்தப் பெண் விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள், அவள் படிப்பே போய்விடும் என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஐயோ, அந்தப் பொண்ண அனுப்பிராதீங்க மேடம். நம்மகிட்ட இருக்கறதே நாலஞ்சு உண்மையான பச்சை. அதுவும் போயிட்டா நம்ம நல்லிணக்கம் என்னத்துக்கு ஆகறது?"

நான் வெளியே வந்துவிட்டேன். அங்கேயே நின்று பேசியிருந்தால் வேலை போயிருக்கும். அவளிடம் வெள்ளிக்கிழமைவரை பொறுத்துக்கொள்ளும்படி கேட்டேன். சனிக்கிழமை பெட்டியோடு கிளம்புவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதல் நிகழ்ச்சியாகச் சமாதானப் புறாக்களைப் பறக்கவிட வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் சேலத்தில் தெரிந்த ஒருவரிடம் இரவல் வாங்கிக் கூடையில் வைத்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் அவற்றின் தலைக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கூடையைத் திறந்ததும் வெளியே வந்து, இரண்டடி நடந்து, மேடையிலேயே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டன. புகைப்படக்காரர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, பிரின்சிபால் கையில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்து எடுத்தார்.

பிறகு விருந்து. நீளநீளமாக இலை போட்டு, காவி வெள்ளை பச்சை, காவி வெள்ளை பச்சை என்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணி ஆவி பறக்க வந்து விழுந்தது. சேலத்துப் பையன்கள் சிலர் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் இலைக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்திருந்த குழுவின் தலைவி தலை நரைத்த ஓர் அம்மா, அதிகம் பேசாதவர். வரிசையோரமாக நடந்து வந்து, பச்சை ரிப்பன் குத்திய ஒரு கபடிப் பையனிடம், நோன்பா தம்பி என்று அன்பாகக் கேட்டார்.

"இல்லீங்க, நான் தவக்காலமுங்க" என்றான் அவன்.

அந்த அம்மா ரிப்பனைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், மேலே நடந்தார். பிரின்சிபால் ஏதோ சிரித்துச் சமாளித்தார். அடுத்த வரிசையில் என் மூன்று பெண்களும் இருந்தார்கள். மூன்று நிறம், மூன்று இலை, மூன்றும் தொடப்படாத பிரியாணி. தலைவி நின்றுவிட்டார். ஒருத்திக்கு நோன்பு, ஒருத்திக்குத் தவக்காலம், ஒருத்தியின் ஊரில் நோம்பி சாட்டியாயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்படியானால் நீங்கள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லையா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வாழவந்திப் பெண் எழுந்து நின்றாள். வகுப்பில் கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிறவள்.

"தெனமும் ஒண்ணாத்தானுங்க சாப்புட்டுட்டு இருந்தோம், இவ நோன்புக்கு விடியறதுக்கு முன்னாடி. இந்த விருந்து வருதுன்னு சமையல்ரூமப் பூட்டிட்டாங்க. இவ நாளைக்கு ஊட்டுக்குப் போறாளுங்க."

மேடையில் புறா ஒன்று தெளிந்து எழுந்து இறக்கையை அடித்துக்கொண்டது. தலைவி பிரின்சிபாலைப் பார்த்தார். அந்த மனிதரின் மூளை வேலை செய்த வேகத்தை நான் அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். பூட்டினதா, இல்லீங்க மேடம், பழுது பார்த்தோம், புதுத் திட்டமாக்கி உங்க கையால தொறக்கணும்னுதான் வெச்சிருந்தோம் என்றார். சொன்ன கையோடு பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் சட்டையிலிருந்து ரிப்பன்களைப் பிடுங்கி, முடிச்சுப்போட்டு நீளமாக்கி, சமையலறை வாசலுக்குக் குறுக்கே கட்டச் சொன்னார். ஆபீஸிலிருந்து சாவியும் கத்தரிக்கோலும் ஓடிவந்தன. காவி, வெள்ளை, பச்சை மூன்றையும் தலைவி வெட்டினார். 'விடியல் விருந்துத் திட்டம்' அப்படித்தான் உதயமாயிற்று. மறுவாரமே போர்டு வந்தது. அதில் பிரின்சிபால் பெயர் பெரிதாகவும், அதற்குக் கீழே என் பெயர், எந்த மதம் என்று தெரியாத அந்தப் பெயர், சிறிதாகவும் இருந்தன.

மாரமங்கலத்துப் பெண் பெட்டியைப் பிரித்து வைத்தாள். திட்டமாகிவிட்டதால் சில தொந்தரவுகளும் சேர்ந்து வந்தன. மூன்று மதமும் சமையலில் சமமாகப் பங்குபெற வேண்டும் என்று நோன்பு வைத்தவளுக்கும் வெங்காயம் நறுக்கும் முறை வந்தது. ஒருநாள் உடற்கல்வி ஆசிரியர் புகைப்படக்காரரோடு விடிவதற்கு முன்பே வந்து நின்று, தூக்கக் கலக்கத்தில் இருந்த மூவரையும் சிரிக்கச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். சாவி மறுபடி ஆணிக்கு வந்துவிட்டதே, அதற்காக இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிப்பார்கள்.

ரம்ஜான் முடிந்து மறுநாள் ஊரிலிருந்து அவள் ஒரு பெரிய தூக்கோடு வந்தாள். நான் பிரின்சிபால் அறையில் இருந்தேன். அனுமதி கேட்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"என்ன கண்ணு, பிரியாணியா?"

"இல்லீங்க சார், சேமியாப் பாயசமுங்க. நாகலூர்க்காரிக்கு இன்னும் தவக்காலம் முடியலீங்க. வாழவந்திக்காரிக்கும் ஊருல நோம்பி நடக்குது. அதனால அம்மா புதுச் சட்டி வாங்கி அதுல வெச்சாங்க. கறி ஆக்காத சட்டிங்க."

தூக்கை என் பக்கத்தில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவைத் தனியாக எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

"இது உங்களுக்குங்க சார். சக்கரை போடலீங்க."

அவள் போன பிறகும் பிரின்சிபால் டப்பாவைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திறந்து சாப்பிட்டார். பாதியில், அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை சார், அட்டெண்டர் திட்டு வாங்கிய அன்றைக்கு ஃபீஸ் கட்ட வந்து வெளியே நின்றிருப்பாள் என்றேன். அவர் மீதியையும் வழித்துச் சாப்பிட்டார். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தானே குழாயில் கழுவிவிட்டு வந்தார்.

"அந்த வாழவந்திப் பொண்ணுக்கு நோம்பி என்னிக்குங்க மேடம் முடியுது?"

எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மனம் வரவில்லை.

"அவளையே கேளுங்க சார்" என்றேன்.

அவர் ஈர டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு விடுதிப் பக்கம் இறங்கிப் போனார்.